பேர் வெட்டிய பாத்திரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாத்திரங்களைச் சேர்த்து வெல்டிங் வைத்தால் அது சிற்பமாகிவிடுமா என்று போன வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து 31 வருடமாக எவர்சில்வரில் பேர் வெட்டுகிறவன் நான். ஆகும் என்றுதான் சொல்வேன்.

டெல்லியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, இந்தியா கேட் பக்கத்தில் ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குப் பேரன் கூட்டிப்போனான். அங்கே புல்வெளியில் சிற்பி சுபோத் குப்தா செய்த ஆலமரம் நிற்கிறது. மரமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கிளைகளில் இலைக்குப் பதில் பாத்திரங்கள். பேர் 'தாதா'. நம் ஊர் அர்த்தத்தில் இல்லை, இந்தியில் அப்பாவின் அப்பா. பீகாரில் ரயில்வே ஊழியர் வீட்டில் 1964-ல் பிறந்தவர் குப்தா. வீட்டில் புழங்குவதை வைத்தே ஒரு தாத்தாவையும் அவரிடமிருந்து கிளைத்த குடும்பத்தையும் நிறுத்தியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தொழில் பழக்கம், பாத்திரங்களில் பேர் இருக்கிறதா என்று தேடினேன். கண்ணுக்கு எட்டியவரை இல்லை.

நம் பக்கம் பேர் வெட்டாமல் சீர் போகாது. ஒருமுறை சொத்துப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மூன்று பேர், இறந்துபோன அம்மாவின் அண்டா, குடம், இட்லிக் கொப்பரையை ஆளுக்கொன்றாகத் தூக்கி வந்தார்கள். மூன்றிலும் அப்பா பேர்தான் இருந்தது. கீழே அம்மா பேரையும் வெட்டச் சொன்னார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் மூன்றாவது முடியும்வரை யாரும் கிளம்பவும் இல்லை. அன்றைக்கு நான் கூலி வாங்கவில்லை.

இப்படிப்பட்ட பாத்திரங்கள் இன்று பழசுக்குப் புதுசு மாற்ற வருகின்றன. 'தாய்மாமன் சீர்' என்று நானே வெட்டிய குடம் நசுங்கிச் சாக்கு மூட்டையில் கிடக்கிறது. அப்புறம் எடைக்குப் போய் உருகிவிடும்.

எங்கள் ஊரிலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சிற்பம் படிக்கும் பிள்ளைகள் மூட்டை லாரி ஏறுவதற்குள் ஒருநாள் கடைத்தெருப் பக்கம் வரவேண்டும். பேர் உள்ளதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும், எடைக்கு உண்டான காசை நான் கொடுத்துவிடுகிறேன். எழுத்து தேய்ந்திருந்தால் படித்தும் சொல்கிறேன். பாதிக்கு மேல் என் கையெழுத்துதான்.

இப்படிக்கு,
பேர் வெட்டும் தொழிலாளி,
கும்பகோணம்.