கடைசி பெஞ்சுல கை தூக்குன டீச்சருக்கும், கூட நின்ன எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதுல ஆறாங்கிளாஸ்லேருந்து எட்டாங்கிளாஸ் வரைக்கும் எடுக்குறவங்களுக்கான பேப்பர் 2 பாஸ் பண்ணிட்டேன். நேத்து ரிசல்ட் பாத்ததுலேருந்து போனை கீழ வைக்க முடியல, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போடணும்னுதான் ஆசை, ஆனா நாலு வரி டைப் பண்றதுக்குள்ள கண்ணு கலங்கிடுது, அதனால எல்லாருக்கும் சேத்து இங்கயே எழுதிடுறேன். எங்க வீட்ல என்ன நடந்துச்சுனு உங்க எல்லாருக்கும் தெரியும், அதை நான் மறுபடி எழுதப் போறதில்ல. அந்த நேரத்துல பி.எட்.டை பாதியில விட்டுட்டு ஏதாவது ஒரு கடையில பில் போடுற வேலைக்காவது போயிடலாம்னு நான் முடிவே பண்ணிட்டேங்கறதும் பாதிப் பேருக்குத் தெரியும். ஏன் விடலன்னு மட்டும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அதை இன்னைக்குச் சொல்லியே ஆகணும்.

பி.எஸ்சி. மேத்ஸ் முடிச்ச உடனே "அப்பறம் என்ன, டீச்சராயிட வேண்டியதுதானே"னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க. அது அப்படி இல்ல. டிகிரிக்கு மேல 2 வருஷம் பி.எட்., அதுல ரெண்டாவது வருஷம் 16 வாரம் ஒரு ஸ்கூல்ல இன்டர்ன்ஷிப், தினமும் லெசன் பிளான், சார்ட், ரெக்கார்டு, அதையெல்லாம் முடிச்சு பரீட்சை எழுதுனாதான் பி.எட்., அதுக்கு மேல டெட். எனக்கு இன்டர்ன்ஷிப் கெடச்சது பொன்னமராவதி பக்கத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. வீட்ல நடந்ததெல்லாம் நடந்து முடிஞ்ச மறுவாரம் நான் அந்த ஸ்கூலுக்குப் போய் நின்னேன், அதுவும் பாடம் நடத்தணும்னு இல்ல, அட்டெண்டன்ஸ் போயிடும்னுதான்.

ஏழாங்கிளாஸ், முழுக்கள் பாடம். போர்டுல (−3) × (−2) = 6னு எழுதிட்டு "புரிஞ்சுதா"னு கேட்டேன். "புரிஞ்ச்சுது டீச்ச்சர்"னு ஒரே ராகத்துல பதில். சரினு ஒரு கணக்கு குடுத்தேன், ஒரு பிள்ளைகூட பேனாவை எடுக்கல. மறுபடி கேட்டேன், மூச்சுச் சத்தம் இல்ல. எனக்கு அன்னைக்கு இருந்த மனநிலைக்கு அந்த அமைதிய தாங்க முடியல, தொண்டை அடைச்சிருச்சு, கையில சாக்பீஸ் நடுங்குறது எனக்கே தெரியுது, இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா பிள்ளைங்க முன்னாடியே அழுதிருப்பேன்.

என்னோட கைடு டீச்சர், அதாவது நான் பாடம் நடத்துறதைப் பாத்து வழிகாட்டுற அந்த ஸ்கூல் கணக்கு டீச்சர், கடைசி பெஞ்சுல ரெண்டு பொண்ணுங்களுக்கு நடுவுல உக்காந்து அப்சர்வேஷன் நோட்டு எழுதிக்கிட்டு இருந்தாங்க. அவங்க எழுந்து வந்து "நீ தள்ளிக்கம்மா, நான் பாத்துக்கறேன்"னு சாக்பீஸை வாங்கியிருக்கலாம். அது தப்பும் இல்ல, உதவிதான். ஆனா அப்படி வாங்கியிருந்தா மிச்சமிருந்த வாரமெல்லாம் அந்தப் பிள்ளைங்களுக்கு நான் டீச்சரா தெரிஞ்சிருக்க மாட்டேன். அவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா, பேனாவை மூடி வச்சுட்டு கையைத் தூக்குனாங்க. பிள்ளைங்க தூக்குற மாதிரியே, முழங்கையை பெஞ்சுல ஊனி. நான் தலையாட்டுன பிறகு எந்திரிச்சு நின்னாங்க.

"டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம். மைனஸும் மைனஸும் பெருக்குனா எப்படி டீச்சர் ப்ளஸ் வரும்? கடனுக்கு மேல கடன் வாங்குனா கடன்தானே கூடும்?"

கிளாஸே திரும்பிப் பாத்துச்சு. பக்கத்துல இருந்த பொண்ணு, அதுவரைக்கும் வாயே தெறக்காத பொண்ணு, "ஆமா டீச்சர், எனக்கும் அதான்"னுச்சு. அதுக்கப்பறம் முன் பெஞ்சுல ஒருத்தன், அவனைப் பாத்து இன்னொருத்தன்.

நான் எழுதியிருந்ததை அழிச்சிட்டு கீழ கீழ எழுதுனேன். −3 இன்டு 2, −6. −3 இன்டு 1, −3. −3 இன்டு 0, பூஜ்யம். "விடை ஒவ்வொரு வரிக்கும் எப்படி மாறுது பாருங்க"னேன். ஜன்னலோரம் இருந்த பையன் "மூணு மூணா ஏறுது டீச்சர்"னான். அப்ப அடுத்தது −3 இன்டு −1, பூஜ்யத்துலேருந்து இன்னும் மூணு ஏறுனா என்னன்னு நான் கேட்டு முடிக்கல, "மூணு! அதுக்கடுத்து ஆறு!"னு கத்துறாங்க. கடன் கணக்கும் அப்பதான் சரியா வந்துச்சு, மூணு ரூபா கடன் ரெண்டை யாரோ தள்ளுபடி பண்ணிட்டா நம்ம கையில ஆறு ரூபா கூடுன மாதிரிதானேனு ஒரு பொண்ணு அதுவாவே சொல்லுச்சு. சத்தியமா நான் சொல்லித்தரல.

இவ்வளவு நேரமும் கைடு டீச்சர் நின்னுக்கிட்டேதான் இருந்தாங்க. எல்லாம் முடிஞ்சதும் "இப்ப புரிஞ்சுது டீச்சர், உக்காரலாமா?"னு எங்கிட்ட கேட்டாங்க. நான் "உக்காருங்க"னு சொன்ன பிறகுதான் உக்காந்தாங்க. அவங்க சர்வீஸும் என் வயசும் ஏறக்குறைய ஒண்ணு.

சாயங்காலம் அப்சர்வேஷன் நோட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அதுல "மாணவர்கள் ஐயம் கேட்க ஆசிரியர் இடமளித்தார்"னு எழுதியிருந்தாங்க. அறிவுரை கிடையாது, "தைரியமா இரு"ங்கற பேச்சு கிடையாது, என் வீட்டு விஷயம் அவங்களுக்கு முழுசா தெரியும், ஆனா ஒரு வார்த்தை கேக்கல, பஸ்ஸுக்கு நேரமாச்சுனு பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி நான் மறுநாளைக்கு லெசன் பிளான் எழுதுனேன். பி.எட்.டை விடுற பேச்சு அதோட போச்சு.

இதுல இன்னொண்ணும் இருக்கு. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு இல்லையா, எட்டாங்கிளாஸ் வரைக்கும் பாடம் எடுக்குறவங்கள்ல, ரிட்டயர் ஆக 5 வருஷத்துக்கு மேல இருக்கற ஆசிரியர்கள் எல்லாரும் 2 வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும்னு. டெட்டே வராத காலத்துல வேலைக்குச் சேந்தவங்க எங்க டீச்சர். இத்தனை வருஷம் இத்தனை பிள்ளைங்களுக்கு கணக்குச் சொல்லிக் குடுத்தவங்கள மறுபடி ஓ.எம்.ஆர். ஷீட்ல வட்டம் கருப்பாக்க வைக்கிறது எனக்கு இன்னைக்கும் மனசு ஒப்பல, அதை வெளிப்படையாவே சொல்றேன். அவங்க அதைப் பத்திப் புலம்பல. எனக்கு போன் பண்ணி "டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம்"னாங்க. சைக்காலஜியில குழந்தை வளர்ச்சி பத்திச் சொன்னவங்கள்ல பியாஜேயோட நாலு நிலை ஞாபகம் இருக்கு, இந்த கோல்பர்க்கும் வைகாட்ஸ்கியும் குழப்புறாங்கனாங்க. தினமும் ராத்திரி சமையல் வேலை முடிஞ்ச பிறகு அரை மணி நேரம் நான் சைக்காலஜி சொல்லுவேன், அவங்க எனக்கு பிசிக்ஸ் சொல்லுவாங்க. பேப்பர் 2ல 150க்கு சைக்காலஜி 30, தமிழ் 30, இங்கிலீஷ் 30, மிச்சம் 60 கணக்கும் அறிவியலும் சேத்து வரும், மேத்ஸ் படிச்சவங்களுக்கு அந்த அறிவியல்தான் கண்ணைக் கட்டும். நவம்பர் 16ஆம் தேதி ரெண்டு பேரும் வேற வேற சென்டர்ல ஒரே பரீட்சை எழுதுனோம். நேத்து நான் என் நம்பரை அடிக்கறதுக்கு முன்னாடி அவங்க நம்பரைத்தான் அடிச்சுப் பாத்தேன். அவங்களும் பாஸ். டீச்சர், நீங்க இதைப் படிப்பீங்கனு தெரியும், நேர்ல சொன்னா பேச்சை மாத்திடுவீங்கனும் தெரியும், அதனாலதான் ஊரறிய எழுதுறேன்.

மத்தவங்களையும் மறக்கல. ரெக்கார்டு வைக்க டயம் நீட்டிக் குடுத்த காலேஜ் மேடம், கணக்குல எழுதிக்கோம்மானு சொல்லிட்டு கடைசிவரைக்கும் காசு வாங்காத ஜெராக்ஸ் கடை அண்ணன், ஆறாங்கிளாஸ்லேருந்து பத்தாங்கிளாஸ் வரைக்கும் பழைய சமச்சீர் புக்கை வீடு வீடா போய் வாங்கிட்டு வந்த தம்பி, பயாலஜி படம் போட்டு சுவத்துல ஒட்டி வச்ச சித்தி பொண்ணு, அம்மாவைப் பாத்துக்கிட்ட எதிர்வீட்டு அக்கா, பி.எட். தோழிங்க எல்லாரும், உங்களுக்கெல்லாம் நான் பட்ட கடன் எந்தக் கணக்குலயும் தள்ளுபடி ஆகாது.

"வேலை கெடச்சிருச்சா"னு கேக்குறவங்களுக்கு, இன்னும் இல்ல. 2018ல வந்த அரசாணை 149 படி டெட் பாஸ் பண்ணவங்களுக்கு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தனியா போட்டித் தேர்வு வைக்கும், அதுல வந்தாதான் அரசுப் பள்ளியில பட்டதாரி ஆசிரியர். டெட் சர்டிபிகேட் முந்தி 7 வருஷம்தான் செல்லும், இப்ப ஆயுளுக்கும் செல்லும், அதனால அந்த பயம் இல்ல. அந்தப் போட்டித் தேர்வையும் எழுதுவேன், விடமாட்டேன். அதுவரைக்கும் எந்த ஸ்கூல்ல நின்னாலும் என் கிளாஸ்ல மொத்தமா "புரிஞ்சுதா"னு கேக்கமாட்டேன், எந்த வரியில நின்னுட்டீங்கனுதான் கேப்பேன். யாரும் கை தூக்கலன்னா நானே கடைசி பெஞ்சுல போய் உக்காந்து தூக்குவேன்.

அப்பறம், அந்த சமச்சீர் புக் செட்டும் என் சைக்காலஜி நோட்டும் அப்படியே இருக்கு. அடுத்த டெட் எழுதப் போறவங்க, முக்கியமா வீட்டு நெலமையால படிப்பை விட்டுடலாமானு நெனைச்சுக்கிட்டு இருக்கறவங்க, பொன்னமராவதி சுத்துப்பட்டுல யாராவது இருந்தா எனக்குச் சொல்லுங்க, நானே கொண்டுவந்து தர்றேன். சைக்காலஜியில சந்தேகம்னா ராத்திரி எட்டரைக்கு மேல கூப்பிடுங்க, அந்த நேரம் இப்ப காலியாதான் இருக்கு.