ஜார்ஜ் டவுனுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை ஜார்ஜ் டவுனைச் சாவகாசமாகச் சுற்றிப் பார்ப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால், கூட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில் போகச் சொல்லியிருக்கிறீர்களே, அதுதான் சரியாகப் படவில்லை. ஞாயிறு போனால் பெரும்பாலும் பூட்டிய ஷட்டர்களைத்தான் பார்க்க முடியும்.

அந்தப் பேட்டையின் பழமை கட்டடங்களில் இருப்பதைவிட வியாபாரத்தில்தான் அதிகம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி, நம் ஜனங்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்து வெட்டவெளியாக்கினார்கள். ஜனங்கள் வடக்கே தள்ளி வந்தார்கள், சென்னகேசவப் பெருமாளும் இப்போது உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்திலிருந்து பூக்கடைப் பக்கம் வந்துவிட்டார். 'இதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் கட்டக் கூடாது' என்று 1773-ல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் இருக்கிறது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேலை நாளில் போய்ப் பாருங்கள். கோடவுன் தெருவில் துணி, ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்து. வசம்பும் சுக்கும் கடுக்காயும் நாலு கடை தள்ளியே மணக்கும். மருந்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உபத்திரவத்தைச் சொன்னால் பொட்டலம் கட்டிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகைக் கடையில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும். "பிள்ளையார் அட்டை மேலேயா, உள்ளேயா?" என்று பையன் கேட்பான். அத்தை ஒன்று சொல்வார், மாமா அதை மறுப்பார், கல்யாணப் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கே போய்ப் பார்ப்பது?

என்னைக் கேட்டால் செவ்வாய்க்கிழமைதான் நல்ல நாள். கந்தகோட்டத்தில் முருகனுக்குக் கூட்டம், ஆர்மீனியன் தெருவில் அந்தோணியாருக்குக் கூட்டம். இரண்டையும் பார்த்துவிட்டு, அதே தெருவில் இருக்கும் 1772-ஆம் ஆண்டு ஆர்மீனியத் தேவாலயத்துக்குள் நுழைந்தால் சட்டென்று சத்தம் அடங்கிவிடும். அங்கேதான் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறை இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794-ல் இந்தச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டவர் அவர்தான். பத்திரிகை நடத்தும் நீங்களே அவரை விட்டுவிட்டது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சாயங்காலம் தங்கசாலைத் தெருவில் முறுக்கு சாண்ட்விச் சாப்பிடலாம். மீன்பாடி வண்டிக்காரர் "ஓரம், ஓரம்" என்று மூட்டையோடு வந்தால் செல்ஃபியை நிறுத்திவிட்டு ஒதுங்குங்கள். அது அவர் பிழைப்பு. காரில் வராதீர்கள், மெட்ரோவில் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் போதும்.

கட்டுரையில் இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை நடக்கச் சொல்கிறீர்கள், சரி. நடுவில் ஒரு பெண் கழிப்பறைக்கு எங்கே போவாள்? சுற்றிப் பார்க்க வருகிறவர்களை விடுங்கள், அந்தக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்களுக்கும் இதே பாடுதான். அடுத்த முறை நிருபரை அனுப்பும்போது அதையும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை