மரத்துக்கு ஒரே ஒரு யங் குணகமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கத்து வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மர மீட்டர் அளவுகோலை இரண்டு கத்தி முனைகளின் மேல் வைத்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, இறக்கத்தை நுண்ணோக்கியில் அளந்த செய்முறை நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். மரத்தின் யங் குணகம், அதாவது இழுக்கும்போதும் வளைக்கும்போதும் மரம் எவ்வளவு விறைப்பாக எதிர்க்கிறது என்று காட்டும் எண், சுமார் 10 கிகா பாஸ்கல் என்று எழுதியிருந்தாள். கணக்கில் பிழை இல்லை. "எந்தத் திசையில்?" என்று கேட்டேன். விழித்தாள். இதே பாடத்தை முப்பது ஆண்டுகள் நடத்திய நானும் வகுப்பில் இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் தச்சுப் பட்டறையில் ஒரே தேக்குப் பலகையிலிருந்து இரண்டு பட்டைகள் அறுத்து வாங்கினோம். ஒன்று ரேகை (மரத்தின் நார்) ஓடும் வாக்கில், மற்றொன்று ரேகைக்குக் குறுக்கே. இரண்டுக்கும் 2 சென்டிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனம். மேசை விளிம்பிலிருந்து 25 சென்டிமீட்டர் நீட்டி இறுக்கி, நுனியில் 50 கிராம் தொங்கவிட்டோம். முதல் பட்டை 6 மில்லிமீட்டர் தாழ்ந்தது. இரண்டாவது பட்டை 6 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றது. இன்னொரு 50 கிராம் சேர்த்ததும் 'டக்'கென்று முறிந்து விழுந்தது. அதே மரம், அதே கனம்!

எங்கள் உம்மா பத்தமடைப் பாய் நெய்தவர். கோரையை மெல்லியதாகக் கீறி, ஓடும் தண்ணீரில் ஊறவைத்து, நீளவாக்கில் ஓடும் பருத்திப் பாவு நூலுக்குள் குறுக்கே ஒவ்வொன்றாகச் செலுத்துவார். "தலைமாட்டிலிருந்து சுருட்டு, பக்கவாட்டில் சுருட்டினால் கோரை முறியும்" என்று எங்களைக் கண்டிப்பார். பாயின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நூலும் அறாது, கோரையும் நீளாது. பாய் மட்டும் கோணிக்கொள்ளும். ஆக, விறைப்பைச் சொல்ல நூல் வாக்கில் ஓர் எண், கோரை வாக்கில் ஓர் எண், கோணுவதற்குத் தனியாக ஓர் எண், ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் எவ்வளவு சுருங்கும் என்பதற்கு இன்னொன்று. ஒரு பாய்க்கே 4 எண்கள் வேண்டியிருக்கின்றன. முப்பரிமாணமுள்ள மரத்துக்கு 9. எந்தச் சமச்சீரும் இல்லாத படிகத்துக்கு 21; ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜார்ஜ் கிரீன் 1830-களிலேயே இந்த எண்ணிக்கையைக் கண்டுவிட்டார். திசை பேதம் இல்லாத பொருளுக்குத்தான் இரண்டே எண்கள் போதும்.

பாடத்தில் வரும் எஃகுக் கம்பி அந்த வகை என்பார்கள். அதுவும் முழு உண்மை அல்ல. இரும்பின் ஒற்றைப் படிகத்தில் அணுக்கள் கனசதுரங்களாக அடுக்கியிருக்கும்; அந்தக் கனசதுரத்தின் விளிம்பு வாக்கில் இழுத்தால் சுமார் 130 கிகா பாஸ்கல். உள் மூலைவிட்ட வாக்கில் இழுத்தால் 270-க்கும் மேல். கம்பிக்குள் எண்ணற்ற சிறு படிகங்கள் திசைக்கொன்றாகக் கிடப்பதால்தான் சராசரியாக 200 வருகிறது.

புதிய பாடம் எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே சுமை அதிகம். அந்த மீட்டர் அளவுகோலோடு குறுக்கே அறுத்த ஒரு பட்டையையும் ஆய்வக மேசையில் வையுங்கள் என்றுதான் பாடநூல் குழுவினரையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். விடைக்குப் பக்கத்தில் 'ரேகை வாக்கில்' என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெண் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்.