எபெனேசர் சபையைப் பற்றி மகளுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு அம்மா எழுதுவது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் எந்தச் சபையில் சேரலாம் என்று கேட்டிருந்தாய். ஊரிலிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், சவானா ஆற்றங்கரை மேட்டில், எபெனேசர் எருசலேம் லுத்தரன் ஆலயம் இருக்கிறது. ஒரு ஞாயிறு அங்கே ஆராதனைக்குப் போய்வந்த பிறகு முடிவு செய். தரங்கம்பாடி எருசலேம் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற உனக்கு அது அந்நியமான சபையன்று. தரங்கம்பாடியில் நம் மிஷனைத் தொடங்கிய சீகன்பால்கு ஐயர் பயின்ற, ஜெர்மனியின் ஹாலே நகரந்தான் அந்தச் சபைக்கும் போல்சியஸ், க்ரோனாவ் என்ற இரு போதகர்களைக் கொடுத்தது. நம் மிஷனுக்கு அச்சு இயந்திரமும் காகிதமும் அனுப்பிய லண்டன் எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கமே அந்தச் சபையாரின் கப்பல் பயணத்துக்கும் உதவியது.

அந்தச் சபையின் முன்னோர் விரும்பிக் குடிபெயர்ந்தவர்கள் அல்லர். இன்றைய ஆஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பர்க்கை ஆண்ட கத்தோலிக்கப் பேராயர் ஃபிர்மியான், லுத்தரன் விசுவாசத்தை விடாதவர்கள் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று 1731 அக்டோபர் 31 தேதியிட்டு ஆணை பிறப்பித்தார். நிலமில்லாதவர்களுக்கு எட்டே நாள் தவணை, வெளியே குளிர்காலம். ஏறக்குறைய 20,000 பேர் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டார்கள். பெரும்பாலோர் பிரஷ்யாவில் தஞ்சம் புகுந்தார்கள். ஜெர்மன் மொழி பேசும் அந்த மக்களில் ஒரு சிறு கூட்டம் மட்டும் 1734 மார்ச்சில் ஜார்ஜியாவில் கரையிறங்கியது. முதலில் கிடைத்த இடம் விளைச்சலற்ற மண். காய்ச்சலில் பலர் மாண்டார்கள். ஆகவே 1736இல் இப்போதைய ஆற்றங்கரைக்கு ஊரையே மாற்றி, தாய் தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு ஓர் இல்லமும் கட்டினார்கள்.

நீ முக்கியமாக அறிய வேண்டியது இனிமேல்தான் வருகிறது. ஜார்ஜியாவில் அப்போது அடிமை முறைக்குத் தடை இருந்தது. வெள்ளையரால் இந்த வெயிலில் வயல்வேலை செய்ய முடியாது, ஆகவே அடிமைகள் வேண்டும் என்று சவானாக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். எபெனேசர் சபையார் 1739 மார்ச்சில் அதற்கு எதிர்மனு எழுதினார்கள். எங்கள் கையாலேயே சோளமும் நெல்லும் பூசணியும் விளைவித்திருக்கிறோம், வெயில் எங்களைத் தடுக்கவில்லை, தடையை நீக்காதீர்கள் என்பது அதன் சாரம். பிறர் பேச்சை நம்பாமல் தங்கள் வயலையே சாட்சியாக நிறுத்தினார்களே, அதற்காகவே அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் போல்சியஸ் ஐயர் ஆண்டுக்கணக்கில் போராடிக் களைத்துப் போனார். அடிமைகளைக் கிறிஸ்துவிடம் நடத்தும் நோக்கத்தோடு வாங்கினால் அது பாவமாகாது என்று, அவர்களுடைய பெரிய ஆதரவாளரான ஆக்ஸ்பர்க் போதகர் உர்ல்ஸ்பெர்கர் எழுதினார். 1751இல் தடை நீங்கியது. எபெனேசரிலும் அடிமைகள் வாங்கப்பட்டார்கள். விசுவாசத்துக்காகச் சொந்த நாட்டையே துறந்தவர்கள் இந்த ஒன்றில் விட்டுக்கொடுத்ததை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை. நல்ல நோக்கம் என்ற பெயரில் வந்த அந்த அறிவுரைதான் எனக்கு எல்லாவற்றையும்விட வருத்தம் தருகிறது.

இன்றுள்ள ஆலயம் 1769இல் கட்டி முடிக்கப்பட்டது. அக்கம்பக்கத்துக் களிமண்ணை எடுத்துச் சபையாரே செங்கல் அறுத்துச் சுட்டார்கள். சுவரைக் கிட்டத்தில் போய்ப் பார். சில கற்களில், காயுமுன் அழுந்திய விரல் தடங்கள் இன்னும் தெரியும். மணிக்கூண்டின் உச்சியில் லுத்தரைக் குறிக்கும் அன்ன உருவம் இருக்கிறது. அதில் ஒரு துப்பாக்கிக் குண்டின் துளை உண்டு. அமெரிக்கச் சுதந்தரப் போரின்போது பிரிட்டிஷ் படை அந்த ஆலயத்தை மருத்துவமனையாகவும் பிறகு குதிரை லாயமாகவும் ஆக்கியது. போருக்குப் பின் ஊர் சிறுகச் சிறுக அழிந்தது. சபை மட்டும் நிலைத்து நின்றது.

ஆலயத்தோடு திரும்பிவிடாமல் எபெனேசர் ஓடைக்கும் போ. 1864 டிசம்பரில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அடிமைத்தனத்திலிருந்து விடுதலை தேடி வடமாநிலங்களின் ஒன்றியப் படையின் பின்னால் வந்த கறுப்பின மக்களை மறுகரையிலேயே விட்டுவிட்டு, அதே ஒன்றியப் படையின் ஜெனரல் ஜெஃபர்சன் சி. டேவிஸின் வீரர்கள் மிதவைப் பாலத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். பின்னால் தென்மாநிலங்களின் குதிரைப்படை நெருங்கியதால் ஓடையில் குதித்த பலர் மூழ்கி இறந்தார்கள். ஆலயத்தின் வரலாற்றையும் ஓடையின் வரலாற்றையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை, நீயும் பிரிக்காதே.

போல்சியஸ் ஐயரின் நாட்குறிப்புகள் ஆங்கிலத்தில் பல தொகுதிகளாக வந்திருக்கின்றன. நூலகத்தில் கேட்டு, 1739ஆம் ஆண்டுத் தொகுதியை முதலில் படி. படித்ததும் உன் மனதில் பட்டதை எனக்கு விரிவாக எழுது.

அன்புடன்,
அம்மா