627001-க்கும் 627002-க்கும் நடுவே

அன்பு மகள் காந்திமதிக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மா அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்ததா? டப்பாவைக் கட்டியது நான். எண்ணெய் கசிந்திருந்தால் அம்மாவைக் குறை சொல்லாதே.

பெரிய எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று பேத்தி போனில் கேட்டாள். லாபத்தை விடு. காலமெல்லாம் தபால் பிரித்தவன் கண்ணுக்கு நம் திருநெல்வேலி பின்கோடு 627001 சும்மா ஓர் எண்ணாகத் தெரியுமா? பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வகுக்க உட்கார்ந்துவிட்டேன்.

627 என்பது 3, 11, 19 மூன்றின் பெருக்கல். அதை ஆயிரத்தால் பெருக்கினால் 2-ம் 5-ம் சேர்ந்துகொள்ளும். எனவே 627001-ஐ இந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் மீதி 1. வகுத்துப் பார்க்கவே வேண்டாம். மற்றவற்றை 7, 13, 17 என்று ஒவ்வொன்றாக ஏறினேன். 67 வரை ஒன்றும் மசியவில்லை. 71 சரியாகப் போனது, ஈவு 8831. 94-இன் வர்க்கம் 8836 என்பதால் அதற்குமேல் தேட வேண்டியதில்லை. மிச்சமிருந்த 71, 73, 79, 83, 89 எதற்கும் 8831 பிடி கொடுக்கவில்லை. அதுவும் பகா எண்தான்.

ஆற்றைக் கடந்து பாளையங்கோட்டைக்கு வந்தால் 627002. இது 2 × 37 × 37 × 229. சுலோச்சன முதலியார் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குணம், அந்தப் பக்கம் வேறு குணம்! பாளையங்கோட்டை எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், அதுவும் மூன்று விதமாக: 629-ம் 481-ம், 659-ம் 439-ம், 751-ம் 251-ம். திருநெல்வேலி எண்ணை ஒரு விதமாகக்கூட எழுத முடியாது.

காரணம் காரணிகளில் இருக்கிறது. நான்கால் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் ஒவ்வொன்றும் இரண்டு வர்க்கங்களின் கூட்டல் என்று பெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் 1640 டிசம்பரில் மெர்சென் என்ற இன்னொரு கணிதருக்குக் கடிதம் எழுதினார். நிரூபணத்தை எழுதவில்லை; அதற்கு ஆய்லர் என்ற கணித மேதை வரும்வரை நூறு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 37 என்பது 36 + 1. 229 என்பது 225 + 4. மீதி 3 வரும் பகா எண்களோ, ஓர் எண்ணின் காரணிகளில் ஜோடியாக வந்தால்தான் அந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத விடும். 71-ம் 8831-ம் அந்த இனம். இரண்டும் ஒற்றையாக நிற்கின்றன. இத்தனைக்கும் 627001-ஐ நான்கால் வகுத்தால் மீதி 1தான். மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

அந்த மூன்று விதங்களையும் பேத்தியைக் கையால் பெருக்கிச் சரிபார்க்கச் சொல். கால்குலேட்டர் கூடாது. பிறகு வண்ணார்பேட்டையின் 627003-ஐக் கொடு. காரணி எதுவும் தேடாமல், நான்கால் ஒரே ஒரு முறை வகுத்துவிட்டு, இது ஏன் தேறாது என்று அவள் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். அடுத்த கடிதத்தில் உன் பின்கோடைத் திருத்தமாக எழுது. போன உறையில் கடைசி எண் 1-ஆ 7-ஆ என்று எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
அப்பா