ஒன்பதாம் மாசப் படம்

கோத்தகிரி

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் ராணி சித்தியும் சின்னவனும் நல்லா இருக்கோம். அங்க நீ, மாப்பிள்ளை, மாமா, அத்தை, தம்பி எல்லாரும் சுகம்தானே. போன் இருக்கறப்ப இதென்ன லெட்டர்னு சிரிப்ப. நான் கூப்பிட்டா நீ ஸ்பீக்கர்ல போட்டுடற. பக்கத்துல அத்தை உக்காந்திருக்காங்க, டிவி ஓடுது. சாப்பிட்டியா, தம்பி தூங்கறானான்னு கேட்டுட்டு வெச்சுடறேன். அதான் ராகி மாவுப் பையில இதை வெச்சுச் சின்னவன்கிட்ட கொடுத்துவிடறேன். பையை நீயே பிரி.

தம்பியோட ஒன்பதாம் மாசப் படம் வந்துச்சு. கட்டில் விளிம்பைப் பிடிச்சு நிக்கறான், கன்னத்துல மை, பக்கத்துல செவ்வந்தியில ஒன்பது. மாசாமாசம் இப்படி எண்ணைப் போட்டுப் படம் எடுக்கறது முதல்ல எனக்குப் பிடிக்கல, கண்ணு பட்டுடும்னு நினைச்சேன். இப்ப எல்லாத்தையும் வரிசையா வெச்சுப் பார்க்கறப்ப நல்ல காரியந்தான் பண்ணியிருக்க. முதல் மாசப் படத்துல துணிக்குள்ள மூக்கு மட்டுந்தான் தெரியுது. நாலாம் மாசம் உங்க கம்பெனி பட்டன்ல நாலு. ஏழாம் மாசம் இங்க வந்தப்ப நான் பறிச்சுக் கொடுத்த தேயிலைக் கொழுந்துல ஏழு. அதுல வால் பாதி காணோம், ரெண்டு இலையை எடுத்து வாயில போட்டுக்கிட்டான், நீ விரலை விட்டு எடுத்த. எனக்கு அந்தப் படந்தான் பிடிச்சது. எஸ்டேட் லயத்து வீடுகள்ல எல்லார்கிட்டயும் காட்டிட்டேன்.

எட்டு கிலோ நூறுன்னு எழுதியிருந்த. பிறக்கறப்ப 2.6. அஞ்சு மாசத்துல பிறந்த எடை ரெண்டு மடங்கு, ஒரு வருசத்துல மூணு மடங்கு ஆகணும்னு இங்க நர்ஸம்மா சொல்வாங்க. மூணு மடங்குன்னா 7.8. அவன் இப்பவே தாண்டிட்டான். தினமும் கொழுந்து நிறுக்கத் தராசு முன்னால நிக்கறவ நான், எடையில யாரும் என்னை ஏமாத்த முடியாது. பிள்ளை இளைச்சிருக்கான்னு அத்தை சொன்னா காதுல வாங்காத. பசும்பால் மட்டும் வேண்டாம், ஒரு வயசு ஆகட்டும். தேனும் வேண்டாம். இதைப் போன்லயும் சொன்னேன், நீ சரின்ன, அத்தைக்குக் கேட்டுச்சான்னு தெரியல.

குப்புற விழுந்தது அஞ்சுல. இங்க கொழுக்கட்டை அவிச்சு லயம் பூரா கொடுத்தேன். ஏழுல உக்காந்துட்டான். எட்டுல தவழ்ந்தான், அதுவும் ஒரு காலை மடக்கிக்கிட்டு ஒருக்களிச்சு. அதுக்கு நீ ஏன் அவ்வளவு கவலைப்பட்டன்னு எனக்குப் புரியல, உங்க அப்பாவே அப்படித்தான் தவழ்ந்தாராம், இப்ப ஒழுங்காத்தானே நடக்கறார். கை கால்ல அவனுக்கு ஒரு குறையும் இல்ல. கண்ணும் அப்படித்தான். சித்தி வளையலை இப்படி அசைச்சா இப்படித் திரும்பறான், அப்படி அசைச்சா அப்படித் திரும்பறான்.

நீ எத்தனை மாசத்துல நடந்தன்னு கேட்ட. நான் ஏதோ சொல்லி மழுப்பிட்டேன். எனக்குத் தெரியாது கண்ணு. அப்ப எங்களுக்குப் பிரசவ லீவு 12 வாரந்தான். உன்னைப் பிள்ளை மடுவத்துல ஆயாம்மாகிட்ட விட்டுட்டுக் கூடையை மாட்டிக்கிட்டு மலைக்குப் போயிடுவேன். ரெண்டு தடவை பால் கொடுக்க விடுவாங்க. சரிவுல ஓடி இறங்கி, மழைச் சாக்கைக் கழட்டிப் போட்டுட்டு, ஈரக் கையைச் சேலையில துடைச்சு உன்னை வாங்கினா, நீ என் கை குளிர்ல வீல்னு கத்துவ. திரும்ப மேல ஏறணும். நீ புரண்டது, உக்காந்தது, எழுந்து நின்னது எல்லாம் ஆயாம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நடந்ததையும் அவங்கதான் சொன்னாங்க. ராத்திரி வீட்டுல நிக்க வெச்சுப் பார்த்தா நீ தொப்புன்னு உக்காந்துக்குவ. 2017-ல சட்டத்தை மாத்தினதால உனக்கு 26 வாரம் கிடைச்சுது, நல்லது. ஆனா ஆறு மாசத்துக்கு அப்புறந்தான் பிள்ளை ஒவ்வொண்ணா ஆரம்பிக்கறான், அப்பப் பார்த்து நீ பஞ்ச் வெக்கப் போயாகணும். நீ வேலைக்குப் போறதை நான் குறை சொல்லல. விடாத. அத்தையும் நல்லாத்தான் பார்த்துக்கறாங்க. டிவிதான் காலையில இருந்து அணையறதே இல்ல. ஞாயித்துக்கிழமை நீ வீட்டுல இருக்கறப்ப அதை நிறுத்திட்டு, அவன் முகத்துக்கு முன்னால வராம, பின்னால இருந்து ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரேன்.

இங்க மழை விடல. கீழ வளைவுல மண்ணு சரிஞ்சு ஒரு நாள் பஸ் வரல. காட்டெருமை ரெண்டு, கோயிலுக்குப் பின்னாலயே நிக்குது, காலையில விளக்கு அடிச்சுப் பார்த்துட்டுத்தான் கதவைத் திறக்கறோம். சின்னவனுக்கு மேட்டுப்பாளையத்துல வேலை கிடைக்கற மாதிரி இருக்கு. அப்பா முட்டி வலிக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட வர மாட்டேங்கறார்.

நீ சாப்பிடறியா? படத்துல உன் கை மட்டும் ஓரமா தெரியுது, வளையல் முழங்கை வரைக்கும் ஏறி நிக்குது. பால் கொடுக்கற உடம்பு. காலையில வெறும் டீயோட ஓடாத.

தீபாவளி மறுநாள் நீ சொன்னதுதான் எனக்கு மனசுல நிக்குது. தெருவே அதிர வெடிச்சாங்க, வாசல்ல பத்தாயிரம் வாலா போட்டாங்க, எங்க தம்பி கண்ணே திறக்கல, அவ்வளவு சமத்துன்னு சொன்ன. பக்கத்துல நிட்டிங் மெஷின் ராத்திரியும் ஓடுது, அதுக்கும் எழுந்திரிக்க மாட்டான்னு அத்தையும் பெருமையாச் சொன்னாங்க. எனக்கு மட்டும் பெருமை இல்லையா. ஆனா அன்னிக்கு வீடியோவுல நான் ஒண்ணு கேட்டேன், கூப்பிட்டா திரும்பறானான்னு. லைன் சரியில்லம்மான்ன, கட்டாயிடுச்சு. அதுக்கப்புறம் படம் வருது, நீ வரல. ஸ்டேட்டஸ்ல ஊருக்கே போடற, எனக்குக் கூப்பிட உனக்கு நேரம் இல்ல.

ராணி சித்தியையும் சமத்துன்னுதான் சொன்னாங்க. அழ மாட்டா, எந்தச் சத்தத்துக்கும் எழுந்திரிக்க மாட்டா. சிலோன்ல இருந்து கப்பல்ல வந்து, கேம்ப்ல கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்து பாட்டிக்கு உக்கார நேரம் இல்ல. பிள்ளை தொந்தரவு பண்ணலைன்னா அதுவே போதும்னு இருந்த காலம். அவளுக்கு நாலு வயசு இருக்கும், லயத்துக்குக் கீழ ஓடைக்கரையில குந்தி உக்காந்து ஈரமண்ணுல குழி தோண்டிக்கிட்டிருந்தா. சோலைக்குள்ள இருந்து காட்டெருமை ஒண்ணு வெளிய வந்து நின்னுச்சு. மேல இருந்து நாங்க அத்தனை பேரும் கத்தறோம், தகரத்தைத் தட்டறோம். மாமாதான் தட்டினார், அவருக்குப் பதினாலு வயசு. எருமை தலையைத் தூக்கி எங்களைப் பார்க்குது. அவ பார்க்கல. தோண்டின மண்ணை உள்ளங்கையில வெச்சு உருட்டிக்கிட்டே இருக்கா. அது தானா திரும்பிப் போச்சு, சாமி புண்ணியம். அன்னிக்கு ராத்திரி தாத்தா அவ தலைமாட்டுல பித்தளைக் குண்டாவைப் போட்டுப் பார்த்தார். அப்புறம் யாரும் எதுவும் பேசல. டவுனுக்குக் கூட்டிப்போறதுக்குள்ள இன்னும் ரெண்டு வருசம் ஓடிடுச்சு. பள்ளிக்கூடம் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னிக்கும் என் பக்கத்து வரிசையில கொழுந்து எடுக்கறா, என்னைவிடக் கூட எடுக்கறா, அது வேற விஷயம்.

நர்ஸம்மாகிட்ட உன் பேரைச் சொல்லாம கேட்டேன். ஒன்பது மாசத்துல பேரைச் சொன்னா திரும்பணும், ம்மம்மா, ப்பப்பா, தத்தான்னு சேர்த்துச் சேர்த்துச் சொல்லணுமாம். காது கேக்காத பிள்ளையும் முதல்ல ஆ ஊன்னு சத்தம் கொடுக்குமாம், சிரிக்குமாம், அதனால வீட்டுல தெரியாதாம். செப்டம்பர்ல இங்க வந்தப்ப தம்பி என்னென்னவோ பேசினான். இப்ப நீ அனுப்பற வீடியோவுல அது குறைஞ்ச மாதிரி எனக்குப் படுது. சளி கட்டிக் காதுக்குள்ள நீர் நின்னாக்கூட இப்படி இருக்குமாம், அது பெரும்பாலும் சரியாயிடுமாம். நான் தப்பா நினைச்சிருந்தா என்னை நல்லாத் திட்டு, வாங்கிக்கறேன்.

எட்டாம் மாச வீடியோவை நான் எத்தனையோ தடவை பார்த்தேன். அவன் டப்பா மூடியைத் தட்டி விளையாடறான், நான் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கல. ராணி சித்திதான் என் கையில இருந்து போனை வாங்கி, நிறுத்தி, ஓரத்தைத் தொட்டுக் காட்டினா. அவன் தலைக்குப் பின்னால ஒரு கை சாவிக்கொத்தை ஆட்டுது. நம்ம ஊர்த் திருவிழாவுல வாங்கின சிவப்புக் கயிறு. இந்தக் காதுப் பக்கம் ஆட்டிட்டு அந்தக் காதுப் பக்கம் போகுது. சத்தம் எனக்குக் கேட்டுட்டேதான் இருந்துச்சு, தெருவுல என்னவோன்னு நினைச்சுட்டேன். சித்தி அவ காதைத் தொட்டா, போனைத் தொட்டா, அப்புறம் உன் கையைத் தொட்டா. அன்னிக்கு அவ சாப்பிடல.

அதனால கூப்பிட்டுப் பாருன்னு நான் மேல எழுதினதை விட்டுடு. நீ எப்பவோ பார்த்துட்ட. மாப்பிள்ளைகிட்டயாவது சொன்னியா?

பிறந்த உடனே மஞ்சள் காமாலைன்னு லைட்டுல வெச்சிருந்தாங்களே, அந்த டிஸ்சார்ஜ் பேப்பரை எடு. காது டெஸ்ட் பண்ணினதா ஏதாவது எழுதியிருக்கான்னு பாரு. எனக்கு ஞாபகம் இல்ல, யாரும் நம்மகிட்ட சொல்லவும் இல்ல. டெஸ்ட்ல வலி கிடையாதாம். முதல்ல காதுல சின்னதா ஒண்ணு சொருகிப் பார்ப்பாங்க, சில நிமிஷம். அதுல சரியா வரலைன்னா பெரான்னு ஒண்ணு, பிள்ளை தூங்கறப்ப தலையில ஒயர் ஒட்டி எடுப்பாங்க. குறை இருந்தா உடனே காது மிஷின் மாட்டிப் பழக்கணும், நாள் போகப் போகப் பேச்சு வர்றது கஷ்டமாம். மிஷின்ல கேக்கலைன்னா ஆபரேஷன் இருக்கு. ஆறு வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுல பண்றாங்க. பணத்தை நினைச்சு நீ பின்வாங்காத, என் பி.எஃப். இருக்கு.

சொந்தத்துல கட்டினீங்களான்னு டாக்டர் கேப்பாங்க. ஆமா, மாமா பையன்னு சொல்லு. குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேப்பாங்க. ராணி சித்தியைச் சொல்லு. மறைக்காத. அத்தை, எங்க வம்சத்துல அப்படியெல்லாம் கிடையாதுன்னு ஆரம்பிப்பாங்க. ராணி யாரு வம்சம்? மாமாவோட கூடப்பிறந்தவதானே. அதை நான் பேசிக்கறேன், நீ வாயைத் திறக்காத. மாமாவுக்கு அந்தத் தகரம் இன்னும் ஞாபகம் இருக்கும்.

ஒன்பது மாச ஊசி, தட்டம்மை ரூபெல்லா, போட்டாச்சா? போடலைன்னா அதைச் சொல்லிக்கிட்டே வீட்டை விட்டுக் கிளம்பலாம். போட்டாச்சுன்னா அம்மாவுக்கு முட்டி வலி, கோயம்புத்தூர்ல காட்டணும்னு சொல்லு. முட்டி அப்பாவோடதுதான், பரவாயில்ல.

வர்ற புதன்கிழமை நான் லீவு சொல்லிட்டேன். சித்தியும் வர்றா, வேண்டாம்னாலும் கேக்க மாட்டா. முதல் பஸ்ஸுல இறங்கறோம். நீ ரயில்ல வா, ஸ்டேஷன்ல இருந்து பெரியாஸ்பத்திரி பக்கந்தான். கேட்டுகிட்ட நிப்போம், ஓ.பி. சீட்டு காலையிலேயே வாங்கணும். ஊசி அட்டை, டிஸ்சார்ஜ் பேப்பர், ஆதார், காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு எல்லாத்துலயும் ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வை. மாப்பிள்ளை வந்தா நல்லது, வரலைன்னா சண்டை போடாத. ரயில்ல தம்பியைத் தூங்க விட்டுடாத, ஜன்னல்கிட்ட உக்காந்து வேடிக்கை காட்டிக்கிட்டே வா. அங்க வந்துதான் அவன் தூங்கணும்.

அம்மா