முதல் துப்பாக்கி வாங்கப்போகும் மகனுக்கு

நரிப்பையூர்,
புரட்டாசி 12

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்கு இதே நினைப்பாக இருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார், துப்பாக்கியும், குறி பார்க்க அதன் மேல் மாட்டும் ஸ்கோப் என்ற தூரக்கண்ணாடியும் சேர்த்து 800 டாலரைத் தாண்டக்கூடாது, எதை வாங்கட்டும் என்று கேட்டாய். பதினேழு வருஷம் பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கியவனிடம் நீ கேட்ட முதல் துப்பாக்கிக் கேள்வி இது. போனில் சொன்னால் பாதி நிற்காது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உன் அம்மாவுக்கு மனசே இல்லை. "புரட்டாசியில பேசுற பேச்சா இது" என்று எழுந்து போய்விட்டாள். நம் நாட்டில் மானைச் சுட்டால் 1972-ஆம் வருஷச் சட்டப்படி ஜெயில். அமெரிக்காவில் நீ இருக்கிற விஸ்கான்சினில் அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்து, ஒன்பது நாள் கெடு வைத்து, ஆளுக்கு இத்தனை என்று கணக்குப் போட்டுச் சுட விடுகிறது என்று எடுத்துச் சொன்னேன். ராத்திரி சோறு போடும்போது, "துடிக்க விடக்கூடாதுன்னு எழுதுங்க" என்றாள். நான் எழுத நினைத்ததும் அதுதான்.

எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். கடலைக் கொல்லையைப் பன்றி கிளறுகிறது என்று ஊரில் ஒருவர் நாட்டுத் துப்பாக்கியில் ரவை போட்டுச் சுட்டார். வயிற்றில் பட்டு ஓடிவிட்டது. யாரும் தேடப் போகவில்லை. மூன்றாம் நாள் ஆடு மேய்க்கப் போன நான், கண்மாய்க்கரை உடைமரத்தடியில் அதைப் பார்த்தேன். உயிர் இருந்தது. காயம் முழுக்க ஈ. பின்னங்கால் ஒன்று மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தது. மூன்று நாளாகக் கீறிக் கீறி அந்த இடம் கிண்ணம் மாதிரி குழிந்து போயிருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குழி என் கண்ணைவிட்டுப் போகவில்லை. உனக்கு நான் சொல்லும் ஒவ்வொன்றும் அந்தக் குழியை நினைத்துச் சொல்வது.

நீ அனுப்பிய மூன்று படங்களையும் தங்கச்சி பெரிசாக்கிக் காட்டினாள். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்ஸிஸ், மாஸ்பெர்க் பேட்ரியாட். மூன்றுமே ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற கைப்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடுகிறவை, சாதாரண விலை. மானுக்கு இது போதும். 1,400 டாலர் துப்பாக்கியின் குண்டு பட்டால் மான் கூடுதலாகச் சாகப்போவதில்லை. ஆக்ஸிஸ் எடுப்பதாக இருந்தால் ட்ரிகரின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற ஆக்ஸிஸ் 2 கேள். ட்ரிகர் கனமாக இருந்தால் புதுக்கை இழுத்துவிடும், குண்டு பக்கவாட்டில் போகும். மூன்றில் எது என்பதை உன் தோள் சொல்லட்டும். கடைக்குப் போகும்போது குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போ. சட்டையோடு தோளில் சரியாக உட்காரும் துப்பாக்கிக் கட்டை, ஜாக்கெட்டோடு நீளமாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குக் கொண்டுவா. கண்ணைத் திறந்ததும், கழுத்தை நீட்டாமல் ஸ்கோப்புக்குள் முழு வட்டமும் தெரிகிறதா பார். தெரிந்தால் அதை எடு.

குண்டு எந்த அளவு என்பதில் எனக்கு ஒரு பாசம் உண்டு. நான் பட்டாளத்தில் சுமந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் 7.62 மில்லிமீட்டர் குண்டும், அங்கே 1952-இல் வந்த .308 வின்செஸ்டரும் அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். எந்தக் கடையிலும் கிடைக்கும், மானுக்குத் தாராளம். ஆனால் எஸ்.எல்.ஆர். நாலு கிலோவுக்கு மேல். நீ பார்க்கும் துப்பாக்கிகள் மூன்று கிலோதான். கனம் குறைந்தால் உதை கூடும். நீ அம்மா மாதிரி ஒல்லி. நாலு உதை வாங்கியதும் உடம்பு ஐந்தாவதை எதிர்பார்த்து, ட்ரிகர் விழுவதற்கு முன்பே கண்ணை மூடும். பட்டாளத்தில் எவ்வளவு பெரிய ஆட்களெல்லாம் இதில் தோற்றுப் பார்த்திருக்கிறேன். அதனால் .308 வேண்டாம், 6.5 கிரீட்மோர் வாங்கு. அது இல்லையென்றால் .243. இரண்டும் உதை குறைவு, மானுக்குக் குறைவில்லை.

ஸ்கோப்பில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் மலிவு ஸ்கோப், மான் வெளியே வருகிற விடியற்காலை மங்கலில் கலங்கிப் போகும். 3-9x40 என்று கேள். மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெரிசாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர். வோர்டெக்ஸ், லியூபோல்ட் போன்றவற்றில் 200 டாலருக்குள்ளேயோ அதை ஒட்டியோ நல்லது வரும். காட்டுக்குள் அதை மூன்றிலேயே வைத்திரு. பக்கத்தில் வந்த மானை ஒன்பதில் தேடினால் வெறும் மயிர்தான் தெரியும். மாட்டும் வளையத்தையும் திருகையும் கடைக்காரரிடமே அளவாக முறுக்கித் தரச் சொல். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும், இல்லையென்றால் உதையில் புருவம் கிழியும்.

துப்பாக்கிக்கு 500, ஸ்கோப்புக்கு 200. மிச்சம் இருப்பதை முழுக்கக் குண்டுக்குச் செலவு செய்.

ஜீரோ பண்ணுவதை, அதாவது ஸ்கோப் காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்வதை, 25 கஜத்தில் ஆரம்பி. மூன்று குண்டு சுட்டு, மூன்றும் ஒரே இடத்தில் சேர்கிறதா பார். சேராத வரைக்கும் ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் திருகைத் தொடாதே. தப்பு உன் கையில் இருக்கிறது. சேர்ந்த பிறகு திருப்பு. அந்தத் திருகின் ஒரு க்ளிக் 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். அப்படியென்றால் அங்கே ஓர் அங்குலத்துக்கு நாலு க்ளிக், 25 கஜத்தில் பதினாறு. பிறகு 100 கஜத்துக்குப் போய் முடி. குழல் சூடானால் ஆற விடு.

பட்டாளத்தில் சுடக் கற்றுக்கொடுத்த எங்கள் உஸ்தாத் மூன்றே மூன்று சொல்வார்: துருஸ்த் சிஸ்த், மஜ்பூத் பகட், ட்ரிகர் ஆபரேஷன். குறி சரியாக, பிடி உறுதியாக, விரல் மெதுவாக. காலித் துப்பாக்கிக் குழலின் மேல் ஒரு நாணயத்தை வைப்பார். ட்ரிகர் விழுந்த பிறகும் அது விழக்கூடாது. எனக்கு முதல் வாரம் முழுக்க விழுந்தது. நீயும் தினம் ராத்திரி இருபது தடவை செய், துப்பாக்கிக்குள் ஒரு குண்டுகூட இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு.

பிறகு, துப்பாக்கியைத் தாங்கிவைத்துச் சுட்ட மேஜையை விட்டு எழு. காட்டில் மேஜை கிடையாது. உட்கார்ந்து, முட்டி போட்டு, மரத்தில் சாய்ந்து சுட்டுப் பழகு. ஒன்பது அங்குலக் காகிதத் தட்டை ஒட்டிவை. மானின் நெஞ்சாங்கூட்டில் நுரையீரலும் இதயமும் இருக்கிற இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். எந்தத் தூரத்தில் ஐந்துக்கு ஐந்தும் தட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் உன் தூரம். 80 கஜம் என்றால் 80. கூட வருகிறவர் 200-இல் அடிக்கட்டும், நீ அடிக்காதே. மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வை. நேராகவோ ஓடும்போதோ வந்தால் விட்டுவிடு. சுட்டதும் அடுத்த குண்டை ஏற்றிக்கொண்டு, அது போன திசையை மனசில் வைத்துக்கொள். உடனே பின்னால் ஓடினால் பயத்தில் அது வெகுதூரம் போகும். அரைமணி பொறுத்து ரத்தத் தடம் பிடி. கிடைக்கும்வரை தேடு, இருட்டினாலும் ஆள் கூட்டிக்கொண்டு தேடு.

1973-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அங்கே வேட்டைப் படிப்புச் சான்றிதழ் வேண்டும், இப்போதே பதிந்துகொள். கிரீன் கார்டு வந்ததும் நல்லதாயிற்று. வேலை விசாவில் துப்பாக்கிக்குச் சிக்கல் நிறைய. மான்களுக்கு அங்கே 2002 முதல் மூளையைக் கரைக்கும் ஒரு நோய் இருக்கிறது. தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகு சமையுங்கள். ஈயக் குண்டு துகளாகச் சிதறிக் கறியில் தங்கும், பேத்தி சாப்பிடுகிற வீடு, ஆகவே செம்புக் குண்டாகவே வாங்கு. ஜீரோவும் அதே குண்டில் பண்ணு.

பேத்திக்கு நாலு வயசு. துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், குண்டு வேறொரு பூட்டுக்குள், சாவி உன் இடுப்பில். இதில் நான் மறுபேச்சு கேட்கமாட்டேன்.

குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் நேராகக் கொண்டுவராதே, வேர்த்துத் துரு ஏறும். நம் கடற்காற்றில் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று உனக்குத் தெரியாதா. துடைத்து, லேசாக எண்ணெய் போட்டு வை.

முதல் நாள் 100 கஜத்தில் சுட்ட அட்டையைப் படம் எடுத்து அனுப்பு. சிதறி விழுந்திருந்தாலும் அனுப்பு. எந்தப் பக்கம் தள்ளுகிறாய் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா